கழிவுத்தொட்டியின் மேல் மரத்தளம்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுப் பராமரிப்புப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியவை. பொதுக் கழிவுநீர்க் குழாயுடன் இணைக்கப்படாத பழைய வீடுகளில், பின்கட்டில் இருக்கும் செப்டிக் டேங்க் நல்ல இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதாக எல்லாருக்கும் ஒரு மனக்குறை இருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை. எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் உயிர்ப் பிரச்சினை அடங்கியிருப்பதால், முதல் கடிதத்துக்கு விரிவாகவே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்களுடையது பழைய தரைவீடு. சமையலறைக்குப் பின்னால் உள்ள செப்டிக் டேங்கின் மேல் என் மாமனார் காலத்தில் போட்ட மரத்தளம் இருக்கிறது. பலகைகள் இற்றுவிட்டன, ஒரு மூலையில் கால் வைத்தால் அமுங்குகிறது. குத்தகையாளரை அழைத்துக் காட்டினோம். “பலகையெல்லாம் வேண்டாம் அக்கா, மொத்தமாகச் சிமெண்டு போட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம், லாரி வந்தால் குழாய் விட ஒரு சின்ன ஓட்டை வைத்தால் போதும்” என்கிறார். என் கணவருக்கு மறுபடியும் மரத்தளமே வேண்டும். பிள்ளைகள் விளையாடுவதும், பொங்கலுக்கு அடுப்பு வைப்பதும் அங்கேதான். எதைச் செய்வது? – வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. ஆனால் மரமா, சிமெண்டா என்று முடிவு செய்வதற்கு முன்னால் இன்றே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அந்தத் தளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பிள்ளைகளும் பெரியவர்களும் அதன்மேல் ஏறாதபடி மறித்துவிடுங்கள். அமுங்குவது பலகை மட்டும்தானா, அல்லது பலகையைத் தாங்கும் தொட்டியின் மூடியே அமுங்குகிறதா என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. பலகை உடைந்தால் காலில் காயம் படும். மூடி உடைந்தால் விழுகிறவர் ஆளை மூழ்கடிக்கும் கழிவுநீருக்குள் விழுவார். இரண்டில் எது என்று தெரியும்வரை அந்த மூலையை நம்பக் கூடாது.

இந்த மூடிகள் ஏன் கெடுகின்றன என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பழைய வீடுகளின் கழிவுத்தொட்டி செங்கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய, இரண்டு அறைகள் கொண்ட ஒரு பெட்டி. முதல் அறையில் கனமான கழிவு அடியில் சேறாகப் படிகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கின்றன. இடையில் உள்ள நீர் இரண்டாம் அறைக்குச் சென்று மேலும் தெளிந்து வெளியேறுகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அடியில் உள்ள சேற்றைச் சிதைக்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட அந்த ஹைட்ரஜன் சல்பைடு, நீர்மட்டத்துக்கு மேலே ஈரம் படிந்திருக்கும் கான்கிரீட்டில் கரைகிறது. அங்கே வாழும் வேறொரு வகை நுண்ணுயிர் அதனைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது. அமிலம் சிமெண்டை அரித்து மாவாக்கிவிட, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைச் சில்லுசில்லாகப் பெயர்க்கிறது. இவை எல்லாம் நடப்பது மூடியின் அடிப்பக்கத்தில். மேற்பக்கம் நேற்று வார்த்ததைப் போல வழவழப்பாக இருக்க, அடியில் பாதிக் கனம் போயிருக்கக்கூடும். இதனால்தான், பல ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே என்பதை ஒரு மூடியின் பலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே முதல் வேலை, பழைய பலகைகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடியின்மேல் யாரும் நிற்காமல், அதை முழுவதுமாக வெளிக்கொணர்வது. விரிசல், துருக்கறை, நடுவில் தொய்வு, ஓரங்கள் பெயர்ந்திருப்பது ஆகியவற்றை மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அடுத்து இண்டா வாட்டர் என்னும் தேசியக் கழிவுநீர் நிறுவனத்தையோ, ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச்சேவை ஆணையத்தின் உரிமம் பெற்ற வேறொரு நிறுவனத்தையோ அழைத்துத் தொட்டியைக் காலி செய்யச் சொல்லுங்கள். புதுத் தளம் போடும் முன் எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் இது. மூடியைத் திறந்து அவர்கள் வேலையை முடித்ததும், கைபேசியை ஒரு நீண்ட கம்பில் கட்டி, அதன் விளக்கை எரியவிட்டு உள்ளே நீட்டி, மூடிப் பலகங்களின் அடிப்பக்கத்தைப் படம்பிடியுங்கள். தலையை உள்ளே நீட்ட வேண்டாம். கழற்றி எடுத்த பலகத்தின் அடியில் திருப்புளியால் கீறினால், நல்ல கான்கிரீட் கீறலை மட்டும் வாங்கிக்கொள்ளும்; கெட்டுப்போனது ஊறிய ரொட்டியைப் போல உதிரும். கம்பி வெளியே தெரிந்தாலோ, கீறிய இடம் உதிர்ந்தாலோ அந்தப் பலகத்தைப் பூசி ஒட்டவைக்கும் யோசனையே வேண்டாம். தூக்குவதற்குக் கொக்கிகள் வைத்த, கம்பி கட்டிய புதிய பலகங்களை வெளியே வார்த்து, நன்றாக இறுகிய பிறகு கொண்டுவந்து பொருத்த வேண்டும். மரத்தளத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி இதற்குச் செலவாகும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தளம் ஓராண்டு தள்ளிப்போனாலும் பரவாயில்லை, மூடி தள்ளிப்போகக் கூடாது.

தொட்டி காலியாக இருக்கிறதே என்று எண்ணி, உள்சுவரைப் பார்க்கவோ, விழுந்த சில்லை எடுக்கவோ யாரையும் உள்ளே இறங்கவிடாதீர்கள். உங்கள் கணவரையும், கூலிக்கு வரும் பிள்ளையையும், “எனக்குப் பழக்கம்” என்று சொல்பவரையும் சேர்த்தே சொல்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. சேற்றைக் கலைத்தவுடன் அது மொத்தமாக வெளிப்பட்டுத் தொட்டிக்குள்ளேயே தங்கும். குறைந்த அளவில் மூக்கைத் துளைக்கும் அதன் நாற்றம், காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது தெரியாமல் போய்விடும், ஏனென்றால் மூக்கு மரத்துவிடுகிறது. அதைவிடப் பல மடங்கு கூடினால் சில மூச்சுகளிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் அங்கேயே விழுகிறார். இப்படி ஒருவர் பின் ஒருவராக மாண்டவர்கள் எத்தனை நாடுகளில், எத்தனை குடும்பங்களில்! நம் நாட்டில் அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கென்றே, வாயு அளக்கும் கருவியும் மூச்சுக் கருவியும் மேலே காவலுக்கு ஓர் ஆளும் இருக்க வேண்டும் என்று சொல்லும் தொழில்துறை நடைமுறை விதிகள் 2010 முதல் உள்ளன. வீட்டு வேலைதானே என்று அவற்றைத் தள்ளிவைப்பது, கூலிக்கு வந்த ஒருவரின் உயிரை நம் சிக்கனத்துக்குப் பணயம் வைப்பதாகும்.

இனி உங்கள் குத்தகையாளரின் யோசனைக்கு வருவோம். நான்கு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ எடை. அதன்மேல் சாந்தும் டைல்ஸும் சேர்ந்தால் இன்னும் கூடும். இந்தப் பாரம் முழுவதும், அடியில் எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் பார்க்காத ஒரு மூடியின்மேல் இரவும் பகலும் ஏறி உட்காரும். ஒப்பிட்டுப் பாருங்கள்: ஓர் அங்குலக் கனமுள்ள, செங்கால் என்னும் கெட்டி மரத்தின் பலகை, சதுர மீட்டருக்கு 25 கிலோ அளவில்தான் வரும். அவர் சொல்லும் ‘சின்ன ஓட்டை’யும் வேலைக்கு ஆகாது. இரண்டு அறைகளுக்கும் தனித்தனியே திறப்பு வேண்டும். இறுகிய சேற்றை உறிஞ்சும் பணியாளர் குழாயை மூலைக்கு மூலை நகர்த்த வேண்டும். உட்செல்லும் குழாயும் வெளிச்செல்லும் குழாயும் அடைத்துக்கொண்டால், அவற்றை எட்டுவதற்கு அவற்றின் நேர்மேலே திறப்பு இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்வது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. 2006ஆம் ஆண்டின் நீர்ச்சேவைத் தொழில்துறைச் சட்டம் அதைக் கேட்கிறது, தவறினால் தண்டனையும் உண்டு. அப்படியிருக்க, திறக்க முடியாதபடி தொட்டியை மூடிவிட்டு ஒவ்வொரு முறையும் டைல்ஸை உடைப்பது என்ன வகையான சிக்கனம்? எல்லாவற்றையும்விட, சிமெண்டு போட்டுவிட்டால் மூடி எப்படி இருக்கிறது என்று இனி ஒருபோதும் பார்க்க முடியாது. அதுதான் எனக்குப் பெரிய அச்சம்.

மரத்தளத்தை எப்படி அமைப்பது? தளத்தின் பாரத்தில் ஒரு கிலோகூடத் தொட்டியின் மூடிமீதோ சுவர்மீதோ இறங்கக் கூடாது. இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய தளத்தில் சட்டங்களை நேராக மூடிமேல் படுக்கவைத்து ஆணி அடித்திருப்பார்கள். அக்காலத்து வழக்கம் அது. புதிய தளம் தொட்டியைத் தாண்டி, இரு பக்கமும் தனிக் கால்களில் நிற்க வேண்டும். தொட்டியை ஒட்டிய மண், அன்று தோண்டி மறுபடி நிரப்பிய மண்ணாதலால் இறுகியிருக்காது. அங்கே கால் ஊன்றினால் அது புதையும், தொட்டிச் சுவரையும் பக்கவாட்டில் அழுத்தும். ஆகவே சுவரிலிருந்து முடிந்தவரை ஒரு மீட்டர் தள்ளி, கெட்டி மண் வரும்வரை தோண்டிச் சிறு கான்கிரீட் அடித்தளங்களைப் போடுங்கள். அதற்கு முன், கழிவறையிலிருந்து வரும் குழாயும், லோங்காங் (வடிகால்) பக்கம் போகும் குழாயும் மண்ணுக்குள் எந்த வழியாகச் செல்கின்றன என்று கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கடப்பாறை முதலில் தேடிப் போவது எப்போதும் அந்தக் குழாயைத்தான்.

கால்களுக்கு இடையே மூன்று மீட்டருக்குள் என்றால், இரண்டுக்கு ஆறு அங்குலக் கெட்டி மரச் சட்டங்களை 40 சென்டிமீட்டர் இடைவெளியில் போடுவது வழக்கம். அதற்கு மேல் அகலம் இருந்தால் துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு உத்தரம் வேண்டியிருக்கும். அளவை ஒரு பொறியியலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தின் அடிக்கும் மூடியின் மேற்பரப்புக்கும் இடையே நான்கு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். ஆட்கள் கூடி நிற்கும்போது சட்டம் சிறிது வளைந்தாலும் மூடியைத் தொடாது. காற்றும் உள்ளே புகுந்து ஈரத்தை உலர்த்தும்.

மூடிகளுக்கு நேர்மேலே உள்ள பகுதியைக் கழற்றக்கூடிய தட்டுகளாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு மூடியைச் சுற்றியும் ஓர் அடி கூடுதலாக விட்டு அளவெடுங்கள். மூடியைத் தூக்குகிறவருக்குக் கால் ஊன்ற இடம் வேண்டுமல்லவா? ஒரு சதுர மீட்டர்த் தட்டு, அடிச்சட்டத்துடன் 30 கிலோ வந்துவிடும். அதை இரண்டாகப் பிரித்தால் ஒருவரே தூக்கலாம். தளத்தோடு சமமாகப் பதியும் மடக்குக் கைப்பிடி போதும், ஆனால் பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால் தட்டைத் திருகாணியாலும் பூட்டுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரத்தட்டு கழிவுத்தொட்டிக்கு மூடியாகாது. அடியில் உள்ள கான்கிரீட் மூடி தன் இடத்தில், தன் பலத்தில், எப்போதும் மூடியே இருக்க வேண்டும். மேலே பலகை இருக்கிறதே என்று உடைந்த மூடியை விட்டுவைக்கும் வீடுகளில்தான் விபத்து காத்திருக்கிறது.

மரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கையில் பணமிருந்தால் செங்கால். கறையானும் ஈரமும் அதை எளிதில் வெல்வதில்லை. மெர்பாவும் நல்ல மரமே, ஆனால் முதல் சில மழைகளில் சிவந்த சாறு வடிந்து சுவரிலும் தரையிலும் கறைபடும். மெராந்தியைத் திறந்த வெளியில், அதுவும் ஈரக்காற்று அடியிலிருந்து ஏறும் இடத்தில் போடாதீர்கள். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த செயற்கைப் பலகைக்குச் சட்டங்களை இன்னும் நெருக்கமாகப் போட வேண்டும், நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு நிற்கவும் முடியாது. எந்தப் பலகையானாலும் இடையே ஐந்து மில்லிமீட்டர் சந்து விடுங்கள். திருகாணி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்: கடற்காற்று ஒரு பக்கம், தொட்டியின் வாயு மறுபக்கம் என்றிருக்கும் பினாங்கில் சாதாரண ஆணி சில ஆண்டுகளில் கரைந்துவிடும். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி விலை கூடுதல்தான், ஆனால் பலகை இற்றுப்போகும் முன் ஆணி இற்றுப்போவதைத் தடுப்பது அதுதான்.

தொட்டியிலிருந்து எழும் காற்றுக்குழாய் உங்கள் தளத்தின் நடுவே வந்து நிற்கலாம். அழகு கெடுகிறது என்று அதை வெட்டிப் பலகைக்கு அடியில் விட்டுவிடாதீர்கள். அந்த வாயு வெளியேறித்தான் ஆக வேண்டும். குழாயைச் சுவரோரம் திருப்பிக் கூரைக்கு மேல் கொண்டுபோகலாம். அதன் வாயில் கொசுவலை கட்டுங்கள். தொட்டிக்குள் கியூலெக்ஸ் கொசு தாராளமாக முட்டையிடும். ஏடிஸ் கொசுவும் அங்கே பெருகுவது இந்நாட்டில் கண்டறியப்பட்டிருக்கிறது. மூடியின் விளிம்புச் சந்துகளைச் சாந்தால் அடைக்கும்போது, அடுத்த முறை பெயர்த்தெடுக்கக்கூடிய மெலிந்த சாந்தாக இருக்கட்டும்.

பொங்கல் அடுப்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் மாமனார் காலம் முதல் அந்த இடத்தில் பால் பொங்கியிருக்கிறது. ஆயினும் அடுப்பை வீட்டு முன்புறம், வெறும் தரைக்கு மாற்றிவிடுங்கள். மீத்தேன் எரியும் வாயு. மூடி இறுகியும் காற்றுக்குழாய் சரியாகவும் இருந்தால் ஆபத்து குறைவுதான், ஆனால் காய்ந்த மரத்தளத்தின்மேல் விறகு நெருப்பு என்பதே தனியோர் ஆபத்து. தொட்டியைத் திறந்திருக்கும் நாளில் சூடமோ, சாம்பிராணியோ, சிகரெட்டோ, இரும்பு அறுக்கும் இயந்திரமோ எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. கோலமும் கரும்பும் பிள்ளைகளின் ஆட்டமும் தளத்தில் தாராளமாக இருக்கலாம்.

கூரையில்லாத தாழ்வான தளமாக இருந்தாலும், தொடங்கும் முன் மாநகர் மன்றத்தின் கட்டடப் பிரிவில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் கூரை போடும் எண்ணம் இருந்தால் அதற்கு வரைபட ஒப்புதல் கட்டாயம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அதைக் கேட்கிறது. தொட்டியைக் காலி செய்த பிறகு, வேலை முடிந்ததும் அதைத் தண்ணீரால் நிரப்பிவிடுங்கள். வெறுந்தொட்டியாக நாள்கணக்கில் விட்டால், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறிச் சுவரை வெளியிலிருந்து நெருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டை முன்பு வைத்திருந்தவர் பின்கட்டு முழுவதும் டைல்ஸ் போட்டுச் சமையலறையையும் நீட்டியிருக்கிறார். தொட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்டுபிடிப்பது எப்படி? – வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கழிவறையிலிருந்து தொடங்குங்கள். கழிவுக்குழாய் சுவரை விட்டு எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அந்தத் திசையில் முதலில் ஒரு சிறு சதுர ஆய்வுக்குழி இருக்கும். அதன் மூடியைத் திறந்து, யாராவது கழிவறையில் தண்ணீர் விட, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கலாம். அந்தக் கோட்டில் சில மீட்டருக்குள் தொட்டி இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். சுவரோரம் மேலே செல்லும் காற்றுக்குழாய் இருந்தால் அதுவும் வழி காட்டும். பக்கத்து வீடு அதே காலத்தில், அதே வரைபடத்தில் கட்டப்பட்டு இன்னும் மாற்றப்படாமல் இருந்தால் அதைப் பார்ப்பதே சுலபமான வழி. அங்கே தொட்டி இருக்கும் இடத்தின் கண்ணாடிப் பிம்பமாக உங்களுடையது இருக்கலாம். மாநகர் மன்றத்தில் வீட்டின் மூல வரைபடத்துக்கு விண்ணப்பித்தும் பார்க்கலாம். மரச்சுத்தியலால் டைல்ஸைத் தட்டிக் கேட்கும்போது ஓரிடம் மட்டும் குடைவாக ஒலித்தால், அதன்மேல் நின்று தட்டாமல் விலகி நில்லுங்கள்.

தொட்டி சமையலறைத் தரைக்குக் கீழே அகப்பட்டிருந்தால் இது மரத்தளத்தைவிடப் பெரிய விஷயம். வீட்டுக்குள்ளேயே வாயு கசியும் வாய்ப்பும், கனமான குளிர்பதனப் பெட்டியும் அடுப்பு மேடையும் அரிக்கப்பட்ட மூடியின்மேல் நிற்கும் வாய்ப்பும் உண்டு. தாமதிக்காமல் ஒரு பொறியியலாளரை அழைத்துக் காட்டுங்கள். உங்கள் சாலையில் பொதுக் கழிவுநீர்க் குழாய் வந்துவிட்டதா என்று இண்டா வாட்டரிடம் கேளுங்கள். வந்திருந்தால் தொட்டியைக் கைவிட்டு அதனுடன் இணைவதே நல்ல முடிவு.

கேள்வி: எங்கள் வீடு இப்போது பொதுக் குழாயுடன் இணைந்துவிட்டது. பயன்படாத பழைய தொட்டியின்மேல் நேராகத் தளம் போடலாமா? – வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அப்படியே மூடிவிட்டுப் போடக் கூடாது. பயன்படாத தொட்டியும் ஒரு பள்ளந்தான், அதன் மூடியும் கெட்டுக்கொண்டேதான் இருக்கும். முதலில் கழிவை முழுவதும் உறிஞ்சி எடுத்து, குழாய்வாய்களை அடைக்க வேண்டும். மூடிப் பலகங்களை அகற்றிய பின், அடித்தளத்தில் துளையிட்டுவிட்டால் மழைநீர் உள்ளே தேங்காமல் மண்ணுக்குள் வடியும். யாரும் இறங்காமல் மேலிருந்தே இயந்திரத்தால் இதைச் செய்யலாம். பிறகு மணலை ஓரடி ஓரடியாகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் நீர்விட்டு இறுக்கி நிரப்புங்கள். வீட்டு இடிபாட்டையும் மரத்துண்டுகளையும் அள்ளிப் போட்டால் அவை அமுங்கியும் மட்கியும், நாளடைவில் மேற்பரப்பு குழியும். நிரப்பிய மணல் சில மழைகளைக் கண்டு அடங்கிய பிறகு தளத்தைப் போட்டால், முதல் கடிதத்துக்குச் சொன்ன கழற்றும் தட்டு முதலியவை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடியை மாதம் ஒருமுறை கழிவறையில் கொட்டினால் தொட்டியைக் காலி செய்யவே வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் தளத்தில் திறப்பு வைக்காமல் விடலாமா? – வாசகி, பழைய கிள்ளான் சாலை, கோலாலம்பூர்

பதில்: விடக் கூடாது. தொட்டிக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் நாள்தோறும் கழிவோடு தாமாகவே வந்து சேர்கின்றன. மணலும், செரிக்க முடியாத நாரும், துணியும், ஈரத்தாளும் எந்தப் பொடியாலும் கரைவதில்லை. அவை அடியில் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் இரண்டாம் அறையையும் தாண்டி லோங்காங்கில் வெளிப்படும். அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்தால் காலி செய்யும் செலவில் ஒரு பகுதிக்காவது உதவும்.

கேள்வி: புதுத் தளம் போட்ட பிறகு மாலை வேளையில் நாற்றம் தாங்க முடியவில்லை. முன்பு இப்படி இல்லை. பலகைச் சந்துகளை அடைத்துவிடலாமா? – வாசகர், கெப்போங், கோலாலம்பூர்

பதில்: சந்துகளை அடைத்தால் நாற்றம் வீட்டுக்குள் வரும், பலகையும் அடியில் உளுத்துப்போகும். ஒரு கழற்றும் தட்டை எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியலாம். வேலையின்போது மூடியை நகர்த்திச் சரியாகப் பதிக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது காற்றுக்குழாயைத் தளத்துக்கு இடைஞ்சல் என்று குட்டையாக வெட்டியிருப்பார்கள். மூடியின் விளிம்பைத் துப்புரவாக்கி மெலிந்த சாந்து பூசி, குழாயைக் கூரைக்கு மேல் நீட்டுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் நாற்றம் போகவில்லையானால், தொட்டி நிரம்பியிருக்கலாம். கடைசியாக எப்போது காலி செய்தீர்கள் என்று பாருங்கள். கழற்றும் தட்டே வைக்கவில்லை என்று நீங்கள் பதில் எழுதுவீர்களானால், இரண்டு பலகைகளை அறுத்தாவது இப்போதே ஒன்றை வைத்துவிடுங்கள்.

கேள்வி: தொட்டி வீட்டு முன்புறம் இருக்கிறது. மரத்தளம் போட்டு அதன்மேல் காரை நிறுத்தலாமா? – வாசகர், குளுகோர், பினாங்கு

பதில்: நிறுத்தக் கூடாது. சிறிய காரே ஒரு டன் எடை, அதுவும் நான்கு சக்கரங்களின் சிறு பரப்பில் இறங்கும் எடை. வீட்டுத் தொட்டியின் சாதாரண மூடி அதற்காக வார்க்கப்பட்டதில்லை; வண்டியைத் தாங்கும் அளவுக்கு மரத்தளம் போடுவதும் வீட்டுத் தச்சர் வேலையில்லை. வண்டிப் பாரத்துக்கென்று பொறியியலாளர் கணக்கிட்ட கான்கிரீட் பலகமும், வார்ப்பிரும்பு மூடியும் வைத்தால் மட்டுமே அந்த இடத்தைக் காருக்குக் கொடுக்கலாம். அதுவரை இரண்டு கனமான பூந்தொட்டிகளைத் தொட்டிக்கு வெளியே, மண்தரையில் மறிப்பாக வைத்து, விருந்தினர் காரும் தெரியாமல் ஏறிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.